ஜாங்கோ ஆல்ஆத்: தானாக இணைக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் லைப்ரரி

'கூகுள் மூலம் உள்நுழைக' என்ற பட்டனை ஒரு வெப் ஆப்பில் கொண்டுவர லைப்ரரியே தேவையில்லை. வேறொரு தளத்தின் கணக்கை வைத்து அனுமதி வாங்கும் நெறிமுறையான ஓஆத் 2.0-இன் ஆவணத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ரீடைரக்ட், கோட், டோக்கன், பயனர் விவரம் என்று நாலு அடியில் வேலை முடிந்துவிடும். அன்று மாலையே டெமோ காட்டி, எல்லோரும் சபாஷ் போட்டு, அப்படியே புரொடக்‌ஷனுக்கும் போய்விடும். தலைவலி அதற்கு அப்புறம்தான் ஆரம்பம். போன வருடம் பாஸ்வேர்ட் போட்டுக் கணக்குத் தொடங்கியவர் இன்றைக்கு கூகுள் பட்டனை அழுத்துகிறார், அவர் பழைய ஆளா, புது ஆளா? ஃபேஸ்புக் இணைப்பை எடுத்துவிடு என்கிறார், எடுத்துவிட்டால் நாளைக்கு எந்த வழியாக உள்ளே வருவார்? போன் தொலைந்துவிட்டது, அந்தப் போனில் திறந்து கிடக்கும் செஷனை (உள்நுழைந்த நிலையை) மூடு என்கிறார், எங்கே போய் மூடுவது?

ஒரு லாகின் லைப்ரரியை இந்தக் கேள்விகளை வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்பது என் கட்சி. பைதானில் வெப் ஆப் எழுதும் ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோவில் வேலை செய்கிறவர்களுக்கு, அதற்கென்று இருக்கும் லாகின் லைப்ரரியான ஆல்ஆத் பழகிய பெயர். புதிதாக நிறுவியும் பார்த்திருக்கிறேன், வேறு யாரோ நிறுவி விட்டுப்போனதைச் சரிசெய்தும் பார்த்திருக்கிறேன். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சோஷியல் லாகின்களை ஒரே கணக்கில் இணைக்கும் விஷயத்தில் இவ்வளவு நிதானமாக யோசித்து எழுதிய லைப்ரரி ஜாங்கோ பக்கம் வேறு இல்லை, செஷன் விஷயத்தில் பாஸ் மார்க்தான் போட முடியும்.

ரேமண்ட் பென்னர்ஸ் தொடங்கிய திட்டம் இது. லைசென்ஸ் கோப்பில் 2010 என்று இருக்கிறது, எம்ஐடி உரிமம், காசு கிடையாது. நூற்றுக்கும் மேற்பட்ட ப்ரொவைடர்கள், அதாவது கூகுள், ஃபேஸ்புக் மாதிரி லாகின் தரும் சேவைகள், உள்ளேயே வருகின்றன, பாதியை யாரும் தொடப்போவதில்லை என்பது வேறு விஷயம். பல வருடம் பூஜ்யத்தில் தொடங்கும் வெர்ஷன் எண்ணிலேயே ஓட்டிவிட்டு 2024-இல் 0.63-லிருந்து நேராக 64-க்குத் தாவினார்கள். முன்னால் இருந்த பூஜ்யத்தைத் தூக்கியதுதான், நடுவில் அறுபது வெர்ஷன் காணாமல்போகவில்லை, யாரும் பதற வேண்டாம்.

நிறுவுவதில் எரிச்சல் உண்டு. ஆப் பட்டியலில் சேர்க்க வேண்டும், மிடில்வேர் போட வேண்டும், ஆதென்டிகேஷன் பேக்கெண்ட் சேர்க்க வேண்டும், யூஆர்எல் இணைக்க வேண்டும், ஒவ்வொரு ப்ரொவைடரும் தனி ஆப் என்பதால் அதையும் சேர்க்க வேண்டும். ப்ரொவைடர் நம் ஆப்புக்குத் தரும் கிளையன்ட் ஐடியையும் சீக்ரெட்டையும் செட்டிங்ஸ் கோப்பிலும் வைக்கலாம், அட்மின் பக்கத்தில் போய் டேட்டாபேஸிலும் வைக்கலாம், ஆனால் ஒரே ப்ரொவைடருக்கு இரண்டு இடத்திலும் வைத்தால் 'ஒன்றுக்கு மேல் கிடைத்தது' என்ற மொட்டை எர்ரரோடு நின்றுவிடும், அதைப் பார்த்து இதுதான் காரணம் என்று கண்டுபிடிக்க அனுபவம் வேண்டும். டேட்டாபேஸில் வைத்து ஒரே ப்ராஜெக்ட்டில் பல தளங்களை ஓட்டும் ஜாங்கோவின் சைட்ஸ் ஃப்ரேம்வொர்க்கும் ஓடினால் சைட் ஐடி பொருந்தாமல் இன்னொரு எர்ரர். ப்ராக்ஸிக்கு, அதாவது ரிக்வெஸ்ட்டை முன்னால் நின்று வாங்கித் தரும் சர்வருக்கு, பின்னால் ஓடும் ஆப் என்றால், வெளியே எச்டிடிபிஎஸ், உள்ளே எச்டிடிபி, கூகுளுக்குப் போகும் ரீடைரக்ட் முகவரி தப்பாகிப்போய் அங்கிருந்து 'முகவரி பொருந்தவில்லை' என்று பதில் வரும். ஜாங்கோவின் ப்ராக்ஸி எஸ்எஸ்எல் ஹெட்டர் செட்டிங்கைச் சரியாகப் போட்டால் தீர்ந்தது. கூடவே வரும் பக்கங்கள் வெறும் எச்டிஎம்எல், அழகெல்லாம் நம் பொறுப்பு. இதெல்லாம் ஒரு நாள் கூத்து, இதை வைத்து ஒரு லைப்ரரியை ஒதுக்க மாட்டேன்.

இனிமேல்தான் விஷயம். ஆல்ஆத் ஒரு ஆளை எப்படி அடையாளம் வைத்துக்கொள்கிறது என்று டேபிள்களைத் திறந்து பாருங்கள். ஜாங்கோவின் யூசர் டேபிள் அப்படியே இருக்கிறது. அதன் பக்கத்தில் சோஷியல்அக்கவுண்ட் என்று ஒரு டேபிள், அதில் ப்ரொவைடர் பெயர், அந்த ப்ரொவைடர் கொடுத்த அடையாள எண், எந்த யூசருக்குச் சொந்தம், ப்ரொவைடர் அனுப்பிய விவரம் ஜேசனாக. ப்ரொவைடரும் எண்ணும் சேர்ந்து ஒரே ஒரு முறைதான் வரலாம் என்று டேட்டாபேஸ் அளவிலேயே கட்டுப்பாடு. ஈமெயில் இந்த டேபிளின் சாவி கிடையாது, அது தனி டேபிள். ஒரு யூசருக்கு எத்தனை ஈமெயில் வேண்டுமானாலும் இருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் 'சரிபார்க்கப்பட்டதா', 'முதன்மையா' என்று இரண்டு கொடி (ஆம்/இல்லை குறி).

கேட்க சாதாரணமாக இருக்கும், ஆனால் அவசரத்தில் எழுதப்பட்ட லாகின் கோட்கள் சறுக்கும் இடம் இதுதான், யூசர் டேபிளில் 'கூகுள் ஐடி' என்று ஒரு நெடுவரிசை சேர்த்துவிட்டு, அடுத்த மாதம் 'கிட்ஹப் ஐடி' என்று இன்னொரு நெடுவரிசை, இல்லாவிட்டால் ஈமெயிலை வைத்தே ஆளைத் தேடுவது. ஈமெயில் நம்பகமான அடையாளம் இல்லை. கூகுள் தன் ஐடி டோக்கனில், அதாவது இவர் யார் என்று சொல்லி அனுப்பும் சீட்டில், 'சப்' என்று ஒரு எண்ணைத் தருகிறது, அது மாறாது, ஈமெயில் மாறலாம். ஃபேஸ்புக்கில் போன் எண்ணை மட்டும் வைத்துக் கணக்கு வைத்திருப்பவருக்கு ஈமெயிலே வராது. கிட்ஹப்பில் ஈமெயிலை மறைத்து வைத்திருந்தால் ப்ரொஃபைலில் காலியாக வரும், அதற்குத் தனி ஸ்கோப் (அனுமதி) கேட்டு வாங்க வேண்டும். ஆப்பிளில் 'என் ஈமெயிலை மறை' என்று தேர்ந்தெடுத்தால் உங்கள் ஆப்புக்கென்றே ஒரு மாற்று முகவரி உருவாகி வரும், அது அவருடைய பழைய கணக்கின் ஈமெயிலோடு எந்த ஜென்மத்திலும் பொருந்தாது. நிறுவன முகவரி என்றால், வேலையை விட்டுப் போனவரின் முகவரி அடுத்து வந்தவருக்குக் கிடைக்கலாம். ஆல்ஆத்தின் டேபிள் அமைப்பு இத்தனைக்கும் தாங்கும்.

சரி, இப்போது தலைப்பில் சொன்ன அடம். ஒருவர் பாஸ்வேர்டோடு கணக்கு வைத்திருக்கிறார், அதே ஈமெயில் உள்ள கூகுள் கணக்கோடு வருகிறார். ஆல்ஆத் டிஃபால்ட்டாக என்ன செய்யும்? இரண்டையும் இணைக்காது. உள்ளேயும் விடாது. அந்த ஈமெயிலில் ஏற்கெனவே கணக்கு இருக்கிறது, முதலில் அதில் உள்ளே போய், பிறகு இணைப்புகள் பக்கத்தில் கூகுளைச் சேர்த்துக்கொள் என்பதுதான் அதன் நிலை. வாடிக்கையாளர்களிடம் இதைக் காட்டினால் கட்டாயம் ஒரு கேள்வி வரும்: 'ஈமெயில் ஒன்றுதானே, ஆளும் ஒன்றுதானே, எதற்கு யூசரை அலைக்கழிக்கிறீர்கள்?' உடனே டெவலப்பர் இணையத்தில் தேடுவார், ஆல்ஆத்தின் அடாப்டரில், அதாவது அதன் நடத்தையை நாம் மாற்றி எழுதும் இடத்தில், சோஷியல் லாகினுக்கு முன்னால் ஓடும் ஒரு ஹுக் (நம் கோடை மாட்டும் கொக்கி) உண்டு, அதில் 'இந்த ஈமெயிலில் யூசர் இருந்தால் அவரோடு இணைத்துவிடு' என்று ஆறேழு வரி எழுதினால் போதும் என்று யாரோ எழுதி வைத்திருப்பார்கள், எடுத்து ஒட்டிவிட்டு டிக்கெட்டை மூடிவிடுவார். அடுத்தவர் எழுதி விட்டுப்போன கோடில் நான் முதலில் தேடிப் பார்ப்பது இந்த ஆறேழு வரியைத்தான். பெரும்பாலும் அதில் 'ஈமெயில் சரிபார்க்கப்பட்டதா' என்ற கேள்வியே இருக்காது.

அதில் என்ன ஆபத்து என்றால் இப்படி. உங்கள் ஈமெயிலைப் போட்டு வேறொருவன் முன்கூட்டியே ஒரு கணக்குத் தொடங்குகிறான், பாஸ்வேர்ட் அவனுடையது. உறுதிப்படுத்தச் சொல்லி உங்களுக்கு ஒரு மெயில் வரும், நான் எங்கே பதிவு செய்தேன் என்று அதை ஒதுக்கிவிடுவீர்கள். சில மாதம் கழித்து நீங்களே அந்த ஆப்புக்குப் போய் கூகுள் பட்டனை அழுத்துகிறீர்கள், ஆப் உங்களை அவன் தொடங்கி வைத்த கணக்கிலேயே உட்கார வைக்கிறது, நீங்கள் விவரங்களை நிரப்புகிறீர்கள், அவன் தன் பாஸ்வேர்டோடு நிதானமாக வந்து படிக்கிறான். கற்பனை இல்லை, 2022-இல் அவினாஷ் சுதோதனன், ஆண்ட்ரூ பாவர்ட் இருவரும் இந்த வகைத் தாக்குதல்களை ஆராய்ந்து எழுதினார்கள், பிரபலமான 75 சேவைகளைப் பார்த்ததில் குறைந்தது 35 ஏதோ ஒரு வகையில் மாட்டின. இன்னொரு திசையிலும் ஓட்டை உண்டு, ப்ரொவைடர் தரும் ஈமெயிலே சரிபார்க்கப்படாததாக இருந்தால்? 2023-இல் டெஸ்கோப் நிறுவனத்தார் வெளிக்கொண்டுவந்தது அதைத்தான்: நிறுவனங்களின் பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட்டின் அஸூர் ஏடியில் (இன்றைய பெயர் என்ட்ரா ஐடி) தன் சொந்த டெனன்ட்டின், அதாவது தன் நிறுவனத்துக்கான தனிப் பகுதியின், நிர்வாகி ஒரு பயனரின் ஈமெயில் புலத்தில் எதை வேண்டுமானாலும் எழுத முடிந்தது, அந்த ஈமெயிலை நம்பிக் கணக்கை இணைத்த ஆப்புகளில் அடுத்தவர் கணக்குக்குள் போய்விட முடிந்தது. மைக்ரோசாஃப்ட்டும் ஈமெயிலை அடையாளமாக வைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறது.

ஆல்ஆத்தில் இதற்கு முறையான வழி இருக்கிறது. இரண்டு செட்டிங், இரண்டும் டிஃபால்ட்டாக அணைந்திருக்கும். ஒன்று, ப்ரொவைடர் சரிபார்த்துத் தந்த ஈமெயில் பொருந்தினால் உள்ளே விடு என்பது. இன்னொன்று, விட்டதோடு அந்த சோஷியல் கணக்கை நிரந்தரமாக இணைத்தும் வை என்பது. இதை ப்ரொவைடர் வாரியாகவும் போடலாம், கூகுளுக்கு மட்டும் திறந்துவிட்டு மற்றதற்கெல்லாம் மூடி வைக்கலாம், நான் செய்வது அதுதான். எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு சிறு விவரம்: இந்த வழியாக ஒருவர் உள்ளே வரும்போது, அந்தக் கணக்கில் ஏற்கெனவே இருந்த ஈமெயில் சரிபார்க்கப்படாமல் கிடந்தது என்றால், பழைய பாஸ்வேர்டை ஆல்ஆத் அழித்துவிடுகிறது. மேலே சொன்ன முன்கூட்டிய ஆசாமியின் பாஸ்வேர்ட் அத்தோடு காலி. அதோடு இன்னொரு லாபமும் சேர்ந்து வருகிறது, ஜாங்கோ ஒவ்வொரு செஷனிலும் பாஸ்வேர்ட் புலத்திலிருந்து எடுத்த ஒரு ஹேஷை (கைரேகை மாதிரி ஒரு குறியீடு) வைத்திருக்கிறது, பாஸ்வேர்ட் மாறினால் ஹேஷ் பொருந்தாது, அவன் எங்காவது திறந்து வைத்திருந்த செஷனும் செத்துவிடும். ஒட்டிய ஆறேழு வரி இதையெல்லாம் செய்யாது.

மற்ற லாகின் லைப்ரரிகள் எப்படி? ஆத்.ஜேஎஸ்ஸும் டிஃபால்ட்டாக இணைக்காது, கணக்கு இணைக்கப்படவில்லை என்று எர்ரர் தரும், ஈமெயிலை வைத்து இணைக்கும் ஆப்ஷனின் பெயரிலேயே 'டேஞ்சரஸ்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள், நல்ல பழக்கம். பைதான் சோஷியல் ஆத்தில் ஈமெயிலால் இணைக்கும் படி ஒன்று இருக்கிறது, டிஃபால்ட் பைப்லைனில் (படிகளின் வரிசையில்) அது கிடையாது, நாம் சேர்த்தால்தான் உண்டு. பாஸ்போர்ட்.ஜேஎஸ் இந்தப் பேச்சுக்கே வராது, ப்ரொவைடர் சொன்ன விவரத்தைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும், மிச்சம் முழுக்க நாம் எழுத வேண்டியது.

உள்ளே இருக்கும் யூசர் புதிதாக ஒரு சோஷியல் கணக்கைச் சேர்ப்பதற்கு ஆல்ஆத்தில் அதே லாகின் முகவரிதான், 'கனெக்ட்' என்று ஒரு ப்ராசஸ் பாராமீட்டர் மட்டும் கூடுதல். ஒருகாலத்தில் அந்த முகவரியை வெறும் லிங்க்காகத் திறந்தாலே ப்ரொவைடருக்குப் பறந்துவிடும். அடுத்தவர் தளத்தில் ஒளித்து வைத்த லிங்க் ஒன்று உங்களுக்குத் தெரியாமல் அதைத் தட்டிவிடலாம் என்பதால், 2021 டிசம்பரில் வந்த 0.47-இல் டிஃபால்ட்டை மாற்றினார்கள்: இனி போஸ்ட் ரிக்வெஸ்ட் வந்தால்தான் புறப்படும், லிங்க்காகத் திறந்தால் நடுவில் 'தொடரவா' என்று ஒரு பக்கம் வரும். அந்த நடுப்பக்கம் அசிங்கமாக இருக்கிறது என்று செட்டிங்கைப் பழையபடி திருப்பி வைப்பவர்கள் ஏராளம். திருப்ப வேண்டாம், பட்டனை ஒரு சின்ன ஃபார்முக்குள் வைத்து சிஎஸ்ஆர்எஃப் டோக்கனோடு (ரிக்வெஸ்ட் நம் பக்கத்திலிருந்துதான் வந்தது என்று காட்டும் ரகசியக் குறி) போஸ்ட் பண்ணுங்கள், நடுப்பக்கம் தானாகவே வராது.

சேர்க்கப் போகும் கூகுள் கணக்கு ஏற்கெனவே வேறு யூசரிடம் இருந்தால் 'இது வேறொரு கணக்கோடு இணைந்திருக்கிறது' என்று சொல்லி நிறுத்திவிடும், பிடுங்கி இந்தப் பக்கம் போடாது. சரியான முடிவு. ஆனால் நிஜத்தில் இதற்குப் பின்னால் இருப்பவர் பெரும்பாலும் ஒரே ஆள்தான், இரண்டு கணக்கைத் தெரியாமல் தொடங்கிவிட்டு இப்போது ஒன்றாக்கப் பார்க்கிறார். இரண்டு யூசரையும் ஒன்றாக்கும் வசதி ஆல்ஆத்தில் கிடையாது. அவருடைய ஆர்டர், கமென்ட், சந்தா எல்லாம் எங்கெங்கே கிடக்கிறது என்று லைப்ரரிக்கு எப்படித் தெரியும், அது நியாயம்தான். ஆனால் சப்போர்ட்டுக்கு வரும் புகார்களில் கணிசமானவை இந்த ரகம், ஒரு அட்மின் கருவியை ஆரம்பத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள், ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸில் கையை விட்டுக்கொண்டிருக்க முடியாது.

நீக்குவதும் இதே நிதானத்தோடு இருக்கிறது. ஒரே ஒரு சோஷியல் கணக்கு மிச்சமிருந்து, யூசருக்கு பாஸ்வேர்டும் இல்லை என்றால் நீக்க விடாது, முதலில் பாஸ்வேர்ட் வை என்கும். ஆனால் நீக்கும்போது நடப்பது நம் டேபிளில் ஒரு வரி போவது மட்டும்தான். கூகுள் பக்கத்தில் நம் ஆப்புக்குக் கொடுத்த அனுமதி அப்படியே இருக்கும், அங்கே போய் அவர்தான் எடுக்க வேண்டும், அல்லது நாம் ரிவோக் (அனுமதியை ரத்து செய்யும்) அழைப்பு எழுத வேண்டும். நீக்கப்பட்டால் நம் கோடுக்கு ஒரு சிக்னல் (நிகழ்வு அறிவிப்பு) வரும், அந்த அழைப்பை அதில் தொங்கவிட்டால் போதும். டோக்கன்களைச் சேமிப்பது டிஃபால்ட்டாக இல்லை, அது நல்லது, லாகினுக்கு மட்டும் என்றால் டோக்கனை வைத்திருக்க எந்தக் காரணமும் இல்லை. காலண்டர், டிரைவ் என்று எதையாவது பின்னால் தொட வேண்டியிருந்தால் மட்டும் சேமிப்பை இயக்குங்கள், அப்போது அது டேட்டாபேஸில் அப்படியே படிக்கும்படி கிடக்கும் என்பதை மனதில் வைத்து, என்க்ரிப்ட் பண்ணுவதற்கு ஏற்பாடு செய்யுங்கள்.

ஆப்பிள் லாகினைத் தனியாகச் சொல்லாமல் போக முடியாது. பெயரும் ஈமெயிலும் கேட்டால் ஆப்பிள் பதிலை யூஆர்எல்லில் தராது, தன் தளத்திலிருந்து நம் தளத்துக்கு ஒரு போஸ்ட்டாக அனுப்பும். ஜாங்கோவின் செஷன் குக்கி டிஃபால்ட்டாக 'லாக்ஸ்' (வேறு தளத்திலிருந்து வரும் ரிக்வெஸ்ட்டோடு குக்கி போகலாமா என்ற விதியில் நடுத்தர நிலை), வேறு தளத்திலிருந்து வரும் போஸ்ட்டோடு பிரௌசர் அதை அனுப்பாது, ஆக கால்பேக் (ப்ரொவைடரிடமிருந்து திரும்பி வரும் பதில்) வந்து சேரும்போது 'இவர் யார், நான் எந்த ஸ்டேட்டை அனுப்பினேன்' என்று சர்வருக்கு ஒன்றுமே நினைவில்லை. பலர் இந்த இடத்தில் மொத்த செஷன் குக்கியையும் 'நன்' (தடையே இல்லை) என்று தளர்த்திவிடுவார்கள், ஒரு ஆப்பிள் பட்டனுக்காக வீட்டுக் கதவையே கழற்றி வைப்பது மாதிரி. ஆல்ஆத் அதற்கென்று தனியாக ஒரு குட்டி குக்கியை வைத்துக்கொண்டு, அதை மட்டும் தளர்த்தி வேலையை முடிக்கிறது. நீங்கள் செஷன் குக்கியை 'ஸ்ட்ரிக்ட்' என்று இறுக்கினால் மட்டும் எல்லா ப்ரொவைடரிலும் கால்பேக் உதைக்கும், லாக்ஸிலேயே விடுங்கள். இன்னொன்று, ஆப்பிள் பெயரை முதல் முறை மட்டும்தான் தரும், அன்றைக்குச் சேமிக்கத் தவறினால் போச்சு.

இப்போது செஷன். பிரச்சினையின் வேர் ஜாங்கோவிலேயே இருக்கிறது. அதன் செஷன் டேபிளில் மொத்தம் மூன்று நெடுவரிசை: செஷன் சாவி, பொட்டலமாகக் கட்டிய தரவு, காலாவதித் தேதி. யூசர் யார் என்பது அந்தப் பொட்டலத்துக்குள் இருக்கிறது. அதனால் 'இவருடைய எல்லா செஷனையும் காட்டு' என்ற எளிய கேள்விக்கு ஒவ்வொரு வரியையும் பிரித்துப் பார்க்க வேண்டும், லட்சம் செஷன் இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள். செஷன் ஆயுள் டிஃபால்ட்டாக இரண்டு வாரம், 12,09,600 விநாடி. காலாவதியானவை தானாக அழியாது, கிளியர்செஷன்ஸ் கட்டளையை அவ்வப்போது நாம் ஓட்ட வேண்டும், இதை மறந்துபோய் மலைபோல் வளர்ந்த டேபிள்களுக்குப் பஞ்சமில்லை.

ஆல்ஆத் இதற்கு யூசர்செஷன்ஸ் என்று ஒரு உப ஆப் தருகிறது. தாமதமாக வந்தது, ஆனால் சரியான இடத்தில் கை வைக்கிறது: லாகின் ஆகும்போதே யூசர், செஷன் சாவி, ஐபி, யூசர் ஏஜென்ட் (பிரௌசர் தன்னைப் பற்றிச் சொல்லும் வரி) நான்கையும் தனி டேபிளில் குறித்துக்கொள்கிறது. தேடல் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் அது தரும் பக்கத்தைப் பாருங்கள். யூசர் ஏஜென்ட்டை அப்படியே கொட்டிவிடும், 'மொசில்லா/5.0' என்று தொடங்கி ஒன்றரை வரிக்கு நீளும் அந்த மந்திரத்தைப் பார்த்து எந்தச் சாமானியர் 'ஆமாம், இது என் பழைய போன்' என்று சொல்லப்போகிறார்? ஏதாவது ஒரு பார்ஸரை வைத்து 'ஆண்ட்ராய்டு, குரோம்' என்று சுருக்கிக் காட்டுவது நம் வேலை. ப்ராக்ஸிக்குப் பின்னால் ஓடினால் எல்லோருக்கும் ஒரே ஐபி தெரியும் வாய்ப்பு உண்டு, அடாப்டரில் ஐபி எடுக்கும் மெத்தடை மாற்றி எழுத வேண்டும், அதை எழுதும்போது வரும் ஹெட்டரை எல்லாம் நம்பாமல் உங்கள் சொந்த ப்ராக்ஸி போட்டதை மட்டும் நம்புங்கள்.

'கடைசியாக எப்போது பயன்படுத்தியது' என்பதும் டிஃபால்ட்டாகப் புதுப்பிக்கப்படாது, லாகின் ஆன நேரத்தோடு நின்றுவிடும். அதற்கு ஒரு செட்டிங்கை இயக்கி, கூடவே ஒரு மிடில்வேரும் சேர்க்க வேண்டும், பிறகு ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் டேட்டாபேஸுக்கு ஒரு வேலை கூடும். கூட்டம் அதிகமுள்ள ஆப்பில் இது வலிக்கும். ஆனால் இயக்கினால் ஒரு நல்ல பொருளும் கிடைக்கிறது, ஒரே செஷனின் ஐபியோ யூசர் ஏஜென்ட்டோ நடுவில் மாறினால் சிக்னல் வரும். ஐபி மாறுவது போனில் சகஜம், வைஃபையிலிருந்து டேட்டாவுக்கு மாறினாலே மாறும், அதை வைத்து ஆளை வெளியே தள்ளாதீர்கள். யூசர் ஏஜென்ட் விண்டோஸிலிருந்து லினக்ஸாக மாறினால் அது வேறு கதை, குக்கி களவு போயிருக்கலாம், பாஸ்வேர்ட் கேளுங்கள்.

எனக்கு இருக்கும் பெரிய குறை, அந்தப் பக்கத்தில் உள்ள பட்டன் 'மற்ற எல்லா செஷன்களிலிருந்தும் வெளியேறு' என்பது மட்டும். தொலைந்த போனை மட்டும் தனியாக எடுக்க முடியாது, அலுவலகக் கணினி, வீட்டு டேப்லெட் எல்லாமே சேர்ந்து போகும். வேடிக்கை என்னவென்றால் ஹெட்லெஸ் ஏபிஐயில், அதாவது ரியாக்ட் மாதிரி தனி ஃப்ரன்ட்எண்டுக்கும் மொபைல் ஆப்புக்கும் தந்திருக்கும் பாதையில், குறிப்பிட்ட செஷன்களின் எண்ணை அனுப்பி அவற்றை மட்டும் மூடலாம். ஏபிஐக்குக் கொடுத்ததைப் பக்கத்துக்கும் கொடுத்திருக்கலாம். அப்புறம், ஜாங்கோவின் கையெழுத்திட்ட குக்கி செஷனைப் பயன்படுத்துகிறவர்கள் இந்த ஆப்பைத் தேடி வரவே வேண்டாம், அங்கே தரவு முழுக்க பிரௌசரிடம் இருக்கிறது, சர்வரில் அழிப்பதற்கே ஒன்றும் இல்லை. டேட்டாபேஸ் அல்லது கேஷ் வேண்டும்.

சோஷியல் லாகினும் செஷனும் சந்திக்கும் இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது, இது ஆல்ஆத்தின் தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதன் ஆவணத்தில் பெரிய எழுத்தில் இருந்திருக்க வேண்டும். பாஸ்வேர்ட் வைத்திருக்கும் யூசருக்குச் சந்தேகம் வந்தால் பாஸ்வேர்டை மாற்றுவார், மேலே சொன்ன ஹேஷ் காரணமாக மற்ற செஷன்கள் எல்லாம் விழும். கூகுளில் மட்டும் வருபவருக்குச் சந்தேகம் வந்தால்? ஓடிப்போய் கூகுள் பாஸ்வேர்டை மாற்றுவார், நிம்மதியாகத் தூங்குவார். நம் ஆப்பின் செஷனுக்கு அந்தச் செய்தி போகவே இல்லை, திருடனின் குக்கி இரண்டு வாரம் ராஜாவாக உலவும். கூகுளில் நம் ஆப்பின் அனுமதியை எடுத்தாலும் இதே கதைதான். யூசர்செஷன்ஸ் பக்கத்தை ஏதோ ஒரு மூலையில் புதைக்காமல் கண்ணில் படும் இடத்தில் வைக்கச் சொல்வது இதனால்தான். எதிர்த்திசையிலும் இப்படி ஒன்று: பாஸ்வேர்டை ரீசெட் செய்தால் இணைந்திருக்கும் சோஷியல் கணக்குகள் அப்படியே இருக்கும், கணக்குக்குள் புகுந்தவன் தன் கிட்ஹப்பைச் சத்தமில்லாமல் சேர்த்துவிட்டுப் போயிருந்தால் எத்தனை முறை பாஸ்வேர்டை மாற்றினாலும் அவன் பக்கவாசல் வழியாக வருவான். ரீசெட் முடிந்ததும் 'இந்த இணைப்புகள் உங்களுடையவையா' என்று ஒரு பக்கம் காட்டுவதை நான் எல்லா ஆப்பிலும் சேர்த்துவிடுகிறேன், கோடு கொஞ்சம்தான்.

இதைத் தடுக்க ஆல்ஆத்திலேயே இரண்டு பொருள் இருக்கிறது, இரண்டும் அணைந்தே வருகின்றன என்பது எனக்குப் புரியாத புதிர். சோஷியல் கணக்கு சேர்ந்தாலோ நீங்கினாலோ, பாஸ்வேர்ட் மாறினாலோ யூசருக்கு மெயில் அனுப்பும் அறிவிப்பு வசதி ஒன்று. முக்கியமான மாற்றத்துக்கு முன் மறுபடி அடையாளம் கேட்பது இன்னொன்று, அதன் கால அளவு டிஃபால்ட்டாக 300 விநாடி. ஈமெயிலால் இணைக்க மாட்டேன் என்று அவ்வளவு அடம்பிடித்த லைப்ரரி இந்த இரண்டில் மட்டும் ஏன் இவ்வளவு தாராளம்? நிறுவிய அன்றே இரண்டையும் இயக்கிவிடுங்கள். திருடப்பட்ட ஓஆத் கோட் பயன்படாதபடி செய்யும் பிகேசிஇ-யையும் ப்ரொவைடர் செட்டிங்கில் இயக்கிவிடுங்கள், அதுவும் தானாக வராது.

லாக்அவுட் பற்றி ஒரு வரி. நம் ஆப்பில் வெளியேறினால் நம் ஆப்பிலிருந்து மட்டும்தான் வெளியேறுகிறார், கூகுள் செஷன் பிரௌசரில் அப்படியே இருக்கிறது, பொதுக் கணினியில் அடுத்து உட்காருபவர் அதே பட்டனை அழுத்தினால் ஒரு கேள்வியும் இல்லாமல் முந்தையவர் கணக்குக்குள் போய்விடலாம். ப்ரொவைடருக்கு அனுப்பும் பாராமீட்டரில் 'எந்தக் கணக்கு என்று கேள்' என்று சேர்க்க ஆல்ஆத் இடம் தருகிறது, சேர்த்தால் சத்தமில்லாமல் உள்ளே போவதாவது நிற்கும்.

யாருக்கு இது வேண்டாம்? ஒரே ஒரு நிறுவனத்தின் உள் ஆப், ஒரே ப்ரொவைடர், பாஸ்வேர்டே கிடையாது என்றால் இவ்வளவு பெரிய சாமானைத் தூக்கிச் சுமக்க வேண்டாம், சின்ன ஓஐடிசி (ஓஆத் மேல் கட்டிய லாகின் நெறிமுறை) லைப்ரரி போதும். ஒரே லாகினில் பத்து ஆப் ஓட வேண்டும் என்றால் கீக்ளோக் மாதிரி தனி லாகின் சர்வர் பக்கம் போங்கள், பராமரிக்க ஆள் வேண்டும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு. மற்றபடி ஜாங்கோவில் பொதுமக்கள் பயன்படுத்தும் ஆப் என்றால் ஆல்ஆத்தைத் தயங்காமல் எடுக்கலாம். வெர்ஷன் எண்ணைக் குறிப்பிட்டுப் பூட்டி வையுங்கள், ஏற்றுவதற்கு முன் வெளியீட்டுக் குறிப்பில் 'பின்னோக்கிப் பொருந்தாதவை' என்ற பகுதியை மட்டுமாவது படியுங்கள், டிஃபால்ட்டுகளை அவர்கள் மாற்றுவது உண்டு. பழைய ப்ராஜெக்ட்டைக் கையில் எடுப்பவர்கள் முதல் வேலையாக அடாப்டர் கோப்பைத் திறந்து அந்த ஆறேழு வரி இருக்கிறதா என்று தேடுங்கள், இருந்தால் அழித்துவிட்டு செட்டிங்கால் செய்யுங்கள், இல்லையென்றால் செஷன் பக்கத்துக்கு நகருங்கள்.